ஒரு கோப்பையும் என் முழிவியளமும்

எங்கள் குடும்பத்துக்குக் கூடைப்பந்து எங்கே தெரியும் என்று யாராவது கேட்டால் அண்ணைக்கு மூக்கு நுனியில் கோபம் வந்துவிடும். யாழ்ப்பாணத்தில் கல்லூரி அணியில் இருந்தவர் அவர். உயரம் போதாது என்று பாதி ஆட்டங்களில் வாங்கில் உட்கார வைத்துவிட்டார்கள் என்பதை மட்டும் சொல்லமாட்டார். நான் பெண்கள் பாடசாலையில் வலைப்பந்து விளையாடினேன். என்னை யாரும் வாங்கில் உட்கார வைக்கவில்லை. இரண்டு பேரும் பந்தைத் தொட்டே பல காலம் ஆகிவிட்ட பிறகு, நியூசிலாந்தில் ஓக்லாந்துக்கு வந்து, சம்பளத்துக்கு விளையாடும் ஒரு அணியின் மேல் பைத்தியமானோம்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. என் கணவர் கொழும்பில், கந்தோரில், வேலை மேசையில் இருந்தபடியே மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. பிள்ளைகளும் இல்லை. ஏற்கெனவே இங்கே வந்திருந்த அண்ணைதான் ஓடித்திரிந்து எனக்கு விசா எடுத்துக் கூப்பிட்டார். அதை நான் ஒருநாளும் மறந்ததில்லை. ஹென்டர்சனில் ஒரு வாடகை வீட்டில் அண்ணை, மச்சாள், அவர்களுடைய ஆறு வயது மகள், நான் என்று நான்கு பேர் இருந்தோம். அண்ணைக்கு நகரத்தில் ஒரு கட்டடக் கம்பெனியில் வேலை. எனக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், மழைக்கோட்டு தைக்கும் தொழிற்சாலையில்.

அந்த நாளில் ஓக்லாந்துத் தமிழர் எல்லாரையும் ஒரு வரவேற்பறையில் அடைத்துவிடலாம். அடைத்தும் இருக்கிறார்கள், ஒவ்வொரு பொங்கலுக்கும். அதனால் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். யாருடைய வீட்டிலாவது ஒரு விசேஷம் என்றால் குங்குமத் தட்டு கைக்குக் கை மாறி வரும். எனக்கு முன்னால் வந்ததும் அந்தத் தட்டுக்கு எங்கிருந்தோ ஒரு வேகம் பிடித்துவிடும். ஒரே தாவலில் எனக்கு அடுத்த பெண்ணிடம் போய்ச் சேர்ந்துவிடும். யாரும் கெட்டவர்கள் இல்லை. என்னைச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்துவார்கள், குளிர் தாங்காது என்று கம்பளிச் சட்டை தருவார்கள். தட்டு மட்டும் நிற்காமல் போகும். நானும் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்க எழுந்து போகப் பழகிக்கொண்டேன்.

கூடைப்பந்து அரங்கத்தில் தட்டு இல்லை. அதுதான் எனக்கு அந்த இடம் பிடித்துப்போனதற்குக் காரணம் என்று இப்போது தெரிகிறது. அப்போது ஆட்டம் பிடித்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஆட்டமும் பிடித்துத்தான் இருந்தது. ஒவ்வொரு அணியிலும் இரண்டு அமெரிக்கர்கள். அவர்களுக்குத்தான் ஒழுங்கான சம்பளம். மற்றவர்கள் பகலில் தபால் கொண்டுபோவார்கள், பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பார்கள், பின்னேரம் வந்து கொஞ்சக் காசுக்கு உயிரைக் கொடுத்து விளையாடுவார்கள். மர வாங்குகளில் நெருக்கியடித்துக்கொண்டு இருப்போம். நான் தொண்டை கிழியக் கத்துவேன். எங்கள் அணி வளையத்துக்குள் பந்தைப் போட்டால் பக்கத்தில் இருக்கும் முன்பின் தெரியாத வெள்ளைக்காரர் என் தோளில் தட்டுவார். பொட்டில்லாத என் நெற்றியில் அவருக்கு வாசிக்க ஒன்றும் இருக்கவில்லை. அந்த இரண்டு மணி நேரம் நான் நீலச் சட்டை அணியின் ஆள், அவ்வளவுதான்.

எங்களை அங்கே ஏற்றிப்போவது அண்ணையோடு வேலை செய்த ஒரு மதுரைக்காரர். மனைவி பிள்ளைகள் இன்னும் ஊரில் விசாவுக்குக் காத்திருந்ததால் சனி ஞாயிறில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அவரிடம் ஒரு பழைய வான் இருந்தது. நல்ல மனுஷன், எஞ்சினியர். ஆனால் அணி வெல்லத் தொடங்கியதும் அவரைப் பிடிக்க முடியவில்லை. வென்ற நாளில் போட்டிருந்த மண்ணிறக் கம்பளிச் சட்டையைப் பருவம் முழுக்கத் தோய்க்கவே இல்லை. போகும் பாதையை மாற்றமாட்டார், இருக்கும் இடத்தை மாற்றமாட்டார். அவரைப் பார்த்து நாங்கள் எல்லாரும் சிரிப்போம். அரங்கத்திலும் அப்படி எத்தனையோ பேர். முன் வரிசையில் ஒருவர் அணி கோப்பை எடுக்கும்வரை தாடி மழிப்பதில்லை என்றிருந்தார். அவர்களுடைய சகுனம் தாடியிலும் சட்டையிலும் இருந்தது. மழிக்கலாம், கழற்றலாம். எங்களுடைய சகுனம் ஆளில் இருக்கும் என்பதை அந்தச் சிரிப்பில் நான் மறந்துபோனேன்.

அந்த வருடம் எங்கள் அணி இறுதித் தொடருக்கு வந்துவிட்டது. எதிரில் தெற்கேயிருந்து ஒரு சிறிய நகரத்தின் அணி, சிவப்புச் சட்டைக்காரர். இரண்டு பேருமே லீக் தொடங்கிய நாளிலிருந்து கோப்பையைத் தொட்டதில்லை. அதற்கு முன்னிருந்த போட்டிகளிலும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போன கூட்டம்தான். பத்திரிகைக்காரர்கள் இரண்டு அணியையும் வைத்துப் பகிடி பண்ணினார்கள்: யாராவது ஒருவர் வென்றே தீரவேண்டிய நிலைமை வந்துவிட்டது, பாவம், என்ன செய்யப் போகிறார்களோ என்று. மூன்று ஆட்டத்தில் இரண்டை வென்றவருக்குக் கோப்பை. முதலாவது எங்கள் ஊரில், இரண்டாவது அவர்கள் ஊரில், தேவைப்பட்டால் மூன்றாவது மறுபடி எங்கள் ஊரில்.

முதல் ஆட்டத்தன்று மச்சாள் தன் மகள் சின்னவளின் ஒற்றைச் சப்பாத்தைத் தேடிக்கொண்டு நின்றாள். வெளியே வானின் ஹோர்ன் கேட்டது. வழக்கமாக நான் சின்னவளைக் கூட்டிக்கொண்டு கடைசியாகத்தான் வெளியே வருவேன். அன்று ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்தது நான். நீலச் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய நின்றேன்.

மதுரைக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். பிறகு எஞ்சினை நிறுத்தினார். இறங்கி வந்து, வீட்டுக்குள் போய், கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

“கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டுக் கிளம்பலாம் சார்,” என்றார் அண்ணையிடம்.

எங்கள் பக்கத்தில் இதற்கு முழிவியளம் என்று சொல்லுவோம். வெளிக்கிடும்போது முதலில் கண்ணில் படும் முகம். அது சரியில்லை என்றால் திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் புதிதாகப் புறப்படவேண்டும். மதுரையில் என்ன பெயர் சொல்லுவார்களோ தெரியாது, செய்முறை ஒன்றுதான். எனக்கு விளங்காமல் இல்லை. விளங்காத மாதிரி ஓடிப்போய் நானே தண்ணீர் கொண்டுவந்தேன். அவர் மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்தார். பிறகு மச்சாளைப் பார்த்து, “உங்க கையால ஒரு கிளாஸ் குடுங்களேன்,” என்றார்.

மச்சாள் கொடுத்தாள். அண்ணை சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கட்டியிருந்த நாடா அது.

அன்றைக்கு எங்கள் அணி தோற்றது. எங்கள் நெட்டை அமெரிக்கர் ஐந்தாவது பவுலோடு, விதிப்படி, பாதியிலேயே வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு வளையத்தடியில் ஆளில்லை. இதுதான் காரணம் என்று அரங்கத்தில் இருந்த குழந்தைக்கும் தெரியும். ஆனால் வீடு திரும்பும்போது வானுக்குள் ஒருவரும் அந்த அமெரிக்கரைப் பற்றிக் கதைக்கவில்லை. அவரைத் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். பின் சீற்றில் சின்னவள் என் மடியில் நித்திரை. நான் அவளுடைய தலையைத் தடவிக்கொண்டே வந்தேன், ஏதோ குற்றம் செய்தவள் மாதிரி.

இரண்டாவது ஆட்டத்துக்கு ஆண்கள் இரண்டு பேரும் மட்டும் வானில் தெற்கே போனார்கள். அங்கே நாங்கள் வென்றோம். ஞாயிறு பின்னேரம், கண் சிவக்க, குரல் அடைக்க வந்து சேர்ந்தார்கள். நான் தேத்தண்ணீர்த் தட்டோடு நடைக்கு வந்தபோது வரவேற்பறையில் மதுரைக்காரர் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார். அடைத்த குரலைத் தாழ்த்தினால் அது இன்னும் நன்றாகக் கேட்கும் என்பது அவருக்குத் தெரியாது.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கே இதுலல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனா பாருங்க, முதல் மேட்ச்ல சிஸ்டர் வாசல்ல நின்னாங்க, தோத்தோம். ரெண்டாவதுல அவங்க வரல, ஜெயிச்சோம். ஒரு சென்டிமென்ட்தான். கடைசி மேட்ச், எதுக்கு சார் ரிஸ்க்?”

நான் தட்டோடு அப்படியே நின்றேன். பருவம் முழுக்க நான் வந்தேனே, வென்ற ஆட்டங்களில் என் முகம் எங்கே போயிருந்தது என்று உள்ளே போய்க் கேட்க நாக்குத் துடித்தது. எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. எங்கள் குடும்பத்தில் கோபத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் நான் கேட்கவில்லை. அண்ணை கேட்பார் என்று காத்திருந்தேன். என் தங்கச்சியைப் பற்றி என் வீட்டில் இருந்துகொண்டு இப்படிக் கதைக்காதேங்கோ என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூன்றாவது ஆட்டத்துக்கு நானாகவே போகாமல் நின்றிருப்பேன், சந்தோஷமாக.

“ம்,” என்றார் அண்ணை. கொஞ்சம் பொறுத்து, “பாப்பம்,” என்றார்.

நான் இரண்டு அடி பின்னுக்குப் போய், செருப்பைச் சத்தமாகத் தேய்த்துக்கொண்டு மறுபடி வந்தேன். மதுரைக்காரர் எழுந்து, “நீங்க ஏன் சிஸ்டர் சிரமப்படுறீங்க,” என்று தட்டை வாங்கிக்கொண்டார். தேத்தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்.

வியாழக்கிழமை நான் சமைத்துக்கொண்டிருக்க, அண்ணை குசினி வாசலில் வந்து நின்றார். அவர் சும்மா குசினிக்கு வருகிற ஆள் இல்லை.

“பிள்ளை, சின்னவளுக்கு இருமல் பிடிச்சிருக்கு. சனிக்கிழமை கூடிச்செண்டால் ஆராவது வீட்டில நிக்கவேணும்.”

“ஓம் அண்ணை. நான் நிக்கிறன்,” என்றேன்.

அவர் முடிக்கும் முன்பே சொல்லிவிட்டேன். இன்னும் ஒரு வசனம் அவர் சொல்லியிருந்தால் அந்தப் பொய்யைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடிந்திராது. என்னைத் தலையில் வைத்துத் தாங்கிய மனுஷன். சுவரைப் பார்த்துக்கொண்டு பிள்ளையின் இருமலைப் பற்றிக் கதைக்கிறார். அவருக்காக எனக்கு முகம் எரிந்தது. சின்னவள் பக்கத்து அறையில் சுகமாகப் பாடிக்கொண்டிருந்தாள்.

அன்று பின்னேரம் விளக்குக் கொளுத்தும்போது பிள்ளையாரிடம் ஒன்று கேட்டேன். எங்கள் அணி தோற்கவேண்டும். நான் இல்லாமல் போய்த் தோற்கவேண்டும். அப்போது தெரியும் யாருடைய முழிவியளம் என்று. கேட்டு முடித்ததும் வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. எங்கள் அணியில் ஒரு தபால்காரப் பெடியன் இருந்தான், குட்டையான ஆட்டக்காரன், காலில் கட்டோடு ஓடுவான், நான் தொண்டை கிழியக் கத்தியதே அவனுக்காகத்தான். அவன் தோற்கவேண்டுமாம், என் முகத்தைக் கழுவுவதற்கு. ஆனாலும் கேட்டதைத் திருப்பி வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையிலும் அதையே கேட்டேன்.

தொழிற்சாலையில் எனக்கு அடுத்த மெஷினில் தைத்தவள் தெற்கே அந்தச் சிறிய நகரத்தில் பிறந்தவள். ஐம்பது வயதிருக்கும், பெரிய சிரிப்பு, கடும் சிவப்பு லிப்ஸ்டிக். சிவப்பு அணி அவளுடைய உயிர். அவளுடைய தகப்பன் அந்த அணி கோப்பை எடுப்பதைப் பார்க்காமலே கண்ணை மூடினவராம். இறுதித் தொடர் தொடங்கியதிலிருந்து மெஷின் சத்தத்துக்கு மேலால் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் வம்புக்கு இழுத்துக்கொண்டே இருந்தோம். அவளும் கணவனை இழந்தவள். அது எனக்குத் தெரியவே பல மாதம் எடுத்தது, ஏனென்றால் அதை ஒருவருக்கும் சொல்லவேண்டிய தேவை அவளுக்கு இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள், ஊரிலிருந்து வரவிருந்த தன் தங்கச்சி வரவில்லை, தன்னிடம் ஒரு டிக்கெட் மிச்சம் இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டாள். ஆனால் ஒரு நிபந்தனை: தங்கள் ஆட்களோடுதான் இருக்கவேண்டும், சிவப்புச் சால்வைதான் போடவேண்டும்.

நான் யோசித்திருக்கவேண்டும். யோசிக்கவில்லை. வருகிறேன் என்றேன்.

சொன்ன உடனேயே என் விருப்பம் தலைகீழாக மாறியது. இப்போது எங்கள் அணி வென்றே ஆகவேண்டும். நான் அரங்கத்துக்குள் இருக்க, என் கண் முன்னால் வென்றால், அதற்கு மேல் ஒருவரும் என் முகத்தைப் பற்றி வாய் திறக்க முடியாது. தோற்றால் எல்லாம் முடிந்தது. அவர்களுக்குத் தெரியாமல் போகலாம், எனக்குத் தெரியும். பிள்ளையாரிடம் முதல் விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தேன். அவர் என்னைப் பற்றி என்ன நினைத்தாரோ.

சனிக்கிழமை மத்தியானம் வெளியே ஹோர்ன் கேட்டது. சின்னவள் இருமவில்லை. நீலத் தொப்பி, நீலக் கொடி, புதுச் சப்பாத்து எல்லாம் தயார். மச்சாள் அவளுடைய தலைமுடியைக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள், என்னைப் பார்க்காமல்.

“மாமி, ஆர் யூ நொட் கமிங்?” என்று சின்னவள் கேட்டாள்.

“மாமிக்கு வேலை இருக்கு,” என்றாள் மச்சாள்.

இருமல் என்ற கதையை அண்ணையும் மச்சாளும் மறந்துவிட்டார்கள். அல்லது நான் அதை நம்பவில்லை என்று தெரிந்துகொண்டார்கள். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. வாசல் பக்கம் தற்செயலாகக்கூட என் முகம் தெரிந்துவிடக்கூடாது என்று நானே போனேன். தோய்க்கும் பவுடர் டப்பாவைப் பார்த்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வான் போகும் சத்தம் கேட்கும்வரை நின்றேன். அந்தத் தொடரில் என்னை நானே மிகவும் கேவலமாக உணர்ந்த இடம் அதுதான். பொங்கல் வீட்டுப் பெண்கள்கூட என்னைக் குளியலறைக்குள் அனுப்பியதில்லை.

தொழிற்சாலைத் தோழியின் சின்னக் கார் சிறிது நேரத்தில் வந்தது. ஏறியதும் சிவப்புச் சால்வையை என் கழுத்தில் போட்டு முடிச்சும் போட்டுவிட்டாள். கணவர் போனதிலிருந்து என் உடம்பில் சிவப்புப் பட்டதில்லை. இப்போது எதிரியின் நிறமாகத்தான் அது எனக்குத் திரும்பக் கிடைத்தது. கண்ணாடியில் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதற்கும் ஒரு வெட்கம் வந்தது.

அரங்கத்தில் நாங்கள் இருந்தது வளையத்துக்குப் பின்னால், தெற்கிலிருந்து பஸ்களில் வந்த சிவப்புக் கூட்டத்துக்கு நடுவில். எதிர்ப்பக்கம், வழக்கமான வரிசையில், எங்கள் ஆட்கள் தெரிந்தார்கள். அண்ணை, சின்னவள், மச்சாள், மண்ணிறக் கம்பளிச் சட்டை. மச்சாளுக்குப் பக்கத்தில் என்னுடைய இடம். அதில் மதுரைக்காரர் தன் கோட்டைப் போட்டு வைத்திருந்தார். யாராவது வந்து இடம் இருக்கிறதா என்று கேட்கும்போதெல்லாம் மச்சாள் ஆள் வருகிறது என்பதுபோலக் கையைக் காட்டினாள். இடத்தை மாற்றக்கூடாது என்ற சட்டத்துக்காக, நான் இல்லாத என் இடத்தைக் காவல் காத்தார்கள். நான் சால்வையை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

ஆட்டத்தை ஒழுங்காகப் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். முதல் பாதியில் எங்கள் அணி கண்ட கண்ட பக்கமெல்லாம் பந்தை எறிந்தது. சிவப்பு அணி போடும் ஒவ்வொரு பந்துக்கும் என்னைச் சுற்றி எல்லாரும் எழும்புவார்கள்; நானும் எழும்பவேண்டும், கை தட்டவேண்டும். நான் வந்திருக்கக்கூடாது என்று நினைத்தேன். நான் வந்ததால்தான் என்று நினைத்தேன். அந்த இரண்டாவது நினைப்பைக் காலால் மிதித்து அமத்தினேன். எந்த அறிவுள்ள மனுஷி இப்படி நினைப்பாள்? பெரிய பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படித்தவள் நான்.

இரண்டாவது பாதியில் தபால்காரன் தொடங்கினான். நெட்டையர்களின் காலுக்குள்ளால் புகுந்து புகுந்து பந்தைப் பறித்தான். எங்கள் அமெரிக்கர் இந்த முறை கையைக் கட்டிக்கொண்டு பவுல் எதுவும் வாங்காமல் நின்றார். இடைவெளி குறைந்தது. தோழி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய உள்ளங்கை ஈரமாக இருந்தது. அவள் ஏதோ முணுமுணுத்தாள், தகப்பனோடு கதைக்கிறாள் என்று விளங்கியது. இரண்டு பேரும் கையைக் கோர்த்துக்கொண்டு, ஒருத்தி இப்படி, ஒருத்தி அப்படி வேண்டிக்கொண்டு இருந்தோம்.

கடைசி வினாடிகளில் எங்கள் அணி ஒரு புள்ளி பின்னுக்கு. பந்து அவர்களிடம். பிடித்து வைத்துக்கொண்டு நின்றாலே கோப்பை அவர்களுடையது. என்ன அவசரமோ, அவர்களுடைய பெடியன் ஒருவன் பந்தை மைதானத்துக்குக் குறுக்காக எறிந்தான். தபால்காரன் நடுவில் பாய்ந்து எடுத்துக்கொண்டு, கட்டுப் போட்ட காலோடு நாங்கள் இருந்த பக்கத்து வளையத்தை நோக்கி நேராக ஓடிவந்தான். அவனுடைய முகம் எனக்கு அவ்வளவு கிட்டத் தெரிந்தது அதுதான் முதல் தடவை. பந்து பலகையில் பட்டு, வளையத்தில் இருந்து யோசித்து, உள்ளே விழுந்தது. சைரன் அடித்தது.

அரங்கம் இடிந்து விழுந்ததுபோல ஒரு சத்தம். எங்களைச் சுற்றி மட்டும் ஒரு சத்தமும் இல்லை. நான் சால்வையைக் கடித்துக்கொண்டேன். கத்தவேண்டும்போல இருந்தது. எதிரே மதுரைக்காரர் என்னுடைய இடத்தின் மேலேயே ஏறி நின்று ஆடினார். அண்ணை சின்னவளைத் தோளில் தூக்கிவிட்டார். நான் இங்கே இருக்கிறேன், இதோ இருக்கிறேன், நான் இருக்கத்தான் வென்றீர்கள் என்று மனதுக்குள் கத்தினேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் எந்தக் கோயிலிலும் வந்ததில்லை.

பக்கத்தில் தோழி அழுதுகொண்டிருந்தாள். சத்தமில்லாமல், வாயைத் திறந்தபடி, லிப்ஸ்டிக் கலைய. என் கை இன்னும் அவளுடைய கைக்குள் இருந்தது. நான் மெல்ல அதை இழுத்து எடுத்துக்கொண்டேன்.

வழியில் அவள் அதிகம் கதைக்கவில்லை. வீட்டு வாசலில் இறக்கும்போது, நல்லவேளை நீ வந்தாய், தனியே இருந்து இதைப் பார்த்திருக்க என்னால் முடிந்திராது என்றாள். நான் சால்வையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தேன். கோப்பை கொடுப்பதைப் பார்க்க எங்கள் ஆட்கள் நின்றுவிட்டதால் வீடு வெறுமையாக இருந்தது. முகத்தைக் கழுவினேன், கேத்தலை அடுப்பில் வைத்தேன், அதற்குள் வான் வந்துவிட்டது.

மதுரைக்காரர் உள்ளே வரவில்லை. அவருக்கு ஊருக்கு போன் பேசவேண்டுமாம். வாசலில் நின்றே அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கி, “சொன்னேன்ல சார், சொன்னேன்ல,” என்றார். பிறகு நான் நடையில் நிற்பதைக் கண்டு, “சிஸ்டர், ஜெயிச்சிட்டோம்,” என்று சிரித்தார். உண்மையான சிரிப்பு. நானும் சிரித்தேன்.

சின்னவள் சோபாவில் விழுந்து தூங்கிவிட்டாள். அண்ணையும் மச்சாளும் குசினிக்கு வந்தார்கள். அண்ணைக்கு வாய் ஓயவில்லை. தபால்காரன் பறித்த விதம், ஓடின விதம், பந்து வளையத்தில் நின்ற விதம் எல்லாவற்றையும் எனக்குக் கையால் செய்து காட்டினார். இவ்வளவு அன்போடு, நான் பார்க்காததை எனக்குக் கொடுக்கவேண்டும் என்று அவர் பட்ட பாட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க என்னால் முடியவில்லை.

“எனக்குத் தெரியும் அண்ணை,” என்றேன். “நானும் அங்கதான் இருந்தனான்.”

அண்ணையின் கை அந்தரத்தில் நின்றது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மச்சாள் குழாயைப் பூட்டினாள். யாரோடு போனேன், டிக்கெட் எப்படிக் கிடைத்தது எல்லாம் சொன்னேன். முழுக்க இருந்து பார்த்தேன், சைரன் அடிக்கும்வரை இருந்தேன் என்றும் சொன்னேன். தலையை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன்.

அண்ணையின் முகம் கறுத்துப்போனது. மேசை விரிப்பைப் பார்த்தார். அந்த வாரம் முழுவதும் நான் எதிர்பார்த்திருந்த முகம் அது. ஒரு மன்னிப்புக்கூட எனக்குத் தேவைப்படவில்லை. அந்த முகம் போதும். இனி என்னைக் குளியலறைக்குள் நிற்க விடமாட்டார் என்று நம்பினேன்.

பிறகு அவர் எதையோ யோசித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“நீ எந்தப் பக்கம் இருந்தனீ?”

கேள்வி எங்கே போகிறது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பொய் சொல்லியிருக்கலாம். அவ்வளவு பெரிய கூட்டத்தில் யார் கண்டது?

“அவையின்ர பக்கம்,” என்றேன்.

அண்ணை மூச்சை வெளியே விட்டார். முகத்தில் இருந்த கறுப்பெல்லாம் கழன்று போயிற்று.

“அப்ப சரி,” என்றார்.

பகிடியாகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. மச்சாள் குழாயைத் திறந்தாள். அண்ணை தேத்தண்ணீரை எடுத்துக்கொண்டு, செய்தியில் ஆட்டத்தைக் காட்டுவார்கள் என்று டீவியைப் போடப் போனார்.

அவர் மேல் எனக்குக் கொதித்திருக்கவேண்டும். கொதிக்கவில்லை. நின்ற இடத்திலேயே கூனிக் குறுகிப்போனேன். ஏனென்றால் அண்ணை கேட்பதற்கு முன்பே அந்தக் கேள்வியை, என் முழிவியளம் எந்தப் பக்கத்தில் விழுந்தது என்று, நான் என்னிடம் கேட்டுவிட்டேன், அரங்கத்தில், பக்கத்தில் தோழி அழுதபோது. அதனால்தான் அவளுடைய கையை விட்டேன்.